விலைவாசியோடு உயரட்டும் உதவித்தொகை

வறுமைக்கோட்டுக்குக் கீழே வாழும், 60 முதல் 79 வயது வரையிலான முதியவருக்கு உதவித்தொகையாக ஒன்றிய அரசு மாதந்தோறும் தரும் பங்கு 200 ரூபாய். 1995இல் 75 ரூபாயுடன் தொடங்கிய திட்டம் 2006இல் இந்தத் தொகைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. 80 வயதை எட்டியவர்களுக்கு மட்டும் 2011இல் 500 ரூபாயானது. 2006க்குப் பிறகு விலைவாசி மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அன்று 200 ரூபாய்க்குக் கிடைத்ததை வாங்க இன்று 600 ரூபாயும் போதாது. உதவித்தொகையைக் குறைக்கிறோம் என்று எந்த அரசும் ஆணை போடவில்லை. உயர்த்தாமல் விட்டதே அந்த வேலையைச் செய்துவிட்டது.

மாநிலங்கள் தங்கள் பங்கைச் சேர்த்துத் தருகின்றனவே என்று கேட்கலாம். தருகின்றன, ஆனால், அந்த உயர்வும் அறிவிப்பை நம்பியே இருக்கிறது. 1962லேயே மாதம் 20 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய முன்னோடி தமிழ்நாடு. இங்கும் 2011இல் 1,000 ரூபாயான தொகை 1,200 ஆவதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் விலைவாசி ஏறத்தாழ இரு மடங்கானது. உதவித்தொகையோ ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. பிகாரில் 400 ரூபாயாக இருந்த தொகை, சட்டமன்றத் தேர்தல் நடந்த 2025இல்தான் 1,100 ஆனது. ஆந்திரத்தில் 2024 முதல் 4,000 ரூபாய். ஒரே நாட்டில் முதுமையின் மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம், தேர்தலுக்குத் தேர்தல் மாறுகிறது.

இதற்கான தீர்வு அரசின் கையிலேயே இருக்கிறது. அரசு ஊழியர்களுக்கும் அரசு ஓய்வூதியர்களுக்கும் விலைக் குறியீட்டெண்ணின் அடிப்படையில் ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. அது நியாயமானது. அதே நியாயம், வாழ்நாள் முழுதும் வயலிலும் கட்டுமானத்திலும் உழைத்து ஓய்ந்தவர்களுக்கும் வேண்டும். ஒன்றியப் பங்கை 2006ஆம் ஆண்டின் மதிப்புக்கு மீட்டு, பிறகு ஆண்டுதோறும் விலைவாசியோடு தானாக உயரும்படி சட்டமாக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைக்கும் இது பொருந்தும். அங்கே தகுதி விதியும் மாற வேண்டும். ஒன்றிய அரசின் 300 ரூபாயைப் பெற 80 சதவீத ஊனம் இருந்தாக வேண்டும் என்கிறது விதி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 40 சதவீதத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. 75 சதவீத ஊனமுள்ளவர் இந்த இரண்டுக்கும் நடுவே கைவிடப்படுகிறார்.

நிதிச்சுமை தாங்காது என்பது முதல் மறுப்பு. 2024-25 நிதிநிலை அறிக்கையில் முதியோர், கைம்பெண்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு ஒதுக்கியது சுமார் 9,650 கோடி ரூபாய். மொத்தச் செலவோ 48 லட்சம் கோடி. ஒதுக்கீட்டை மும்மடங்காக்கினாலும் அரசு செலவிடும் நூறு ரூபாயில் ஒரு ரூபாயைத் தொடாது. பெற்றோரைப் பிள்ளைகள்தானே காப்பாற்ற வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. கடமை உண்டுதான், பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டின் சட்டமும் அதைச் சொல்கிறது. ஆனால், ஏழை முதியவரின் பிள்ளையும் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சியே. பிள்ளையே இல்லாதவரும் உண்டு. கையில் சொந்தமாகக் கொஞ்சம் பணம் இருக்கும் முதியவர் மருந்துக்கும் பேருந்துக்கும் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. அது குடும்பப் பாசத்தைக் குறைக்காது, வீட்டில் அவருக்குள்ள மரியாதையைக் காக்கும்.

முதுமையிலும் இயலாமையிலும் அரசின் உதவி பெறும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பேசுகிறது. உரிமை என்றால் அதன் அளவு ஆட்சியாளரின் மனநிலையைப் பொறுத்திருக்கக் கூடாது. அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே இந்தத் திருத்தம் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி நாடாளுமன்றத்தில் அதை வலியுறுத்த வேண்டும்.