எழுபது வளைவும் ஓர் இலவச சைக்கிளும்



"டிப்ளமோ படிக்கிறவனுக்கு மலையில என்னடா வேலை?"

இது என் அப்பா கேட்ட கேள்வி. பொங்கல் விடுமுறையில் நாங்கள் நாலு பேர் சைக்கிளிலேயே கொல்லிமலை ஏறி, ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கி வரப் போகிறோம் என்று சொன்னபோது கேட்டார். அப்பா லாரி பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் பரீட்சைக் கட்டணம் எந்த வாரக் கூலியிலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கேள்வியில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. இந்தக் கட்டுரைதான் என் பதில்.

என் சைக்கிள், பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள். கியர் கிடையாது. முன்னால் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். நம் பாடத்தில் படித்த கணக்குதான். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று, அதாவது 5 மீட்டர் ஓடும். சமதரையில் ராஜா! மேட்டில்? மலை சைக்கிளில் முன்னால் 22 பல், பின்னால் 34 பல் போட்டுக்கொண்டால், ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீட்டர் சொச்சம்தான் நகரும். வேகம் போகும், பாரம் குறையும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஓட்டியதை விடத் தள்ளியதுதான் அதிகம்.

"இதுக்கு எதுக்கு சைக்கிளு? நடந்தே போயிருக்கலாமே" என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் ஒரு சேதி கேளுங்கள். இன்று லட்ச ரூபாய்க்கும் மேல் விலை போகிற மலை சைக்கிள் எப்படிப் பிறந்தது? 1970களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில், சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடி எடுத்து, தாங்களே மாற்றிக் கட்டி, மலைப் பாதையில் இறக்கினார்கள். 1976-இல் அங்கே தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஏன் தெரியுமா? இறக்கத்தில் பின்சக்கர ஹப் பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். கீழே வந்ததும் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அந்த வேலையின் பெயரே பந்தயத்தின் பெயராயிற்று! 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே தனி ஃபிரேம் செய்தார். 1996-இல் அது ஒலிம்பிக் விளையாட்டு. ஆக, பட்டறையில் பிறந்த விளையாட்டு இது. பட்டறைக்காரன் மகனுக்கு அதில் பங்கில்லையா?

மேலே எங்கள் வகுப்புத் தோழன் ஒருவனின் வீடு. அவன் மலைவாசி மாணவன். அவனும் வீட்டில் முதல் ஆள்தான். அவன் வீட்டுத் தோட்டத்தில் தார்ப்பாய் கட்டிப் படுத்தோம். அவன் பாட்டி சாமைச் சோறும் மிளகு ரசமும் போட்டார். "இத்தன தூரம் மிதிச்சா வந்தீங்க, பஸ்ஸு இல்லையா சாமி?" என்று கேட்டார். குளிரில் பல் தந்தியடித்தது. அப்போது அந்தத் தோழன் சொன்னான்: "நீங்க டூர்னு வர்றீங்க. எனக்கு இது வீட்டுக்குப் போற வழிடா." இரண்டு வருடம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தும், விடுமுறை முடிந்து திங்கட்கிழமை அவன் ஏன் முதல் பீரியடுக்குத் தாமதமாக வருகிறான் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது.

காட்டுக்குள் ஏன் தங்கவில்லை என்று கேட்பீர்கள். கூடாது என்பதால்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறந்துவிடக் கூடாது. வனத்துறையே 2024-இல் 40 மலையேற்றப் பாதைகளை வழிகாட்டியோடு திறந்து விட்டிருக்கிறது. முறையான வழி இருக்கும்போது திருட்டுத்தனம் எதற்கு?

இனி இறக்கம். ஏற்றத்தை நினைத்துப் பயந்த நாங்கள் இறக்கத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. நானும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ, உயரம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 7,35,000 ஜூல். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் சூடு! காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மீதியை வாங்க வேண்டியது ரப்பர் பிரேக் கட்டையும் ரிம்மும்தான். பாதி வழியில் ஒரு நண்பனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. காலைத் தரையில் தேய்த்து, மண்மேட்டில் சாய்ந்து நின்றான். முட்டி கிழிந்தது. எதிரே பஸ் வந்திருந்தால்? இன்று நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. அதன் பிறகு வளைவுக்கு வளைவு நின்று, ரிம்மை ஆறவிட்டு, தள்ளிக்கொண்டே இறங்கினோம். பரீட்சையில் 'ஆற்றல் அழியாது' என்று எழுதி மார்க் வாங்கியவன் நான். அது எங்கே போகும் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

திரும்பி வந்ததும் வகுப்புத் தோழியர் கேட்டார்கள்: "எங்களை ஏன் கூப்பிடல? எங்களுக்கும் அதே சைக்கிள்தானே கொடுத்தாங்க?" பதில் இல்லை என்னிடம். இந்த மலர் வழியாக நம் மாணவர் பேரவைக்கு வைக்கும் கோரிக்கைகளில் அவர்களுடையதும் ஒன்று.

ஒன்று: பேரவை நிதியில் ஒரு பம்ப், பஞ்சர் சாமான், ஸ்பேனர் செட், முதலுதவிப் பெட்டி வாங்கி வையுங்கள். இரண்டு: கிளம்பும் முன் எல்லா சைக்கிளின் பிரேக்கையும் ஒர்க்‌ஷாப்பில் சோதித்துக் கையெழுத்திடுவது கட்டாயம் ஆகட்டும். ஹெல்மெட் இல்லாமல் யாரும் வரக்கூடாது. மூன்று: ஆசிரியையோடு மாணவியருக்கும் ஒரு பயணம். சுற்றுலா என்றால் பஸ் பிடித்து, தலைக்கு ஆயிரக்கணக்கில் வசூல் செய்வது என்றே பழகிவிட்டோம். பணம் கட்ட முடியாதவன் "வயித்து வலி" என்று விடுதியிலேயே இருந்துவிடுகிறான். நானும் இருந்திருக்கிறேன். அந்தப் பொய்யை அடுத்து வரும் தம்பி சொல்ல வேண்டாம்.

அப்பாவிடம் பிரேக் கதையை மறைக்காமல் சொன்னேன். ஏசவில்லை. எழுந்து போய் என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். தேய்ந்த கட்டையை விரலால் தடவினார்.

"அடுத்த தடவ போறப்ப இத மாத்திட்டுப் போ" என்றார்.

அடுத்த தடவை! அனுமதி கிடைத்துவிட்டது தோழர்களே. நீங்களும் உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இயந்திரவியல், இறுதியாண்டு மாணவன்