மாட்டுக்குச் சொல்ற மாதிரிதான் கம்ப்யூட்டருக்கும்

ரமணாசிரமம் பக்கம் வர்றவங்களுக்கு மயில் சத்தம் சந்தோஷம். எனக்கு வேலைக்கு இடைஞ்சல். நான் கம்ப்யூட்டர்கிட்ட பேசிட்டிருக்கும்போது ஒரு மயில் கத்தினா, எழுதின வரியில சம்பந்தமில்லாம ஏதாவது வந்து உக்காந்துக்குது. பௌர்ணமி கிரிவலத்தன்னிக்கு லேப்டாப்பைத் திறக்கறதே இல்ல.

புதுசா படிக்கறவங்களுக்கு: சென்னையில ப்ரோக்ராமரா இருந்தேன். மணிக்கட்டு வலி வந்து ஊருக்கே வந்துட்டேன். மம்பட்டி பிடிச்சா தாங்கற கை, கீபோர்டுல பத்து நிமிஷம் தாங்கல. இப்ப நிலத்து வேலை போக மீதி நேரத்துல வாயால ப்ரோக்ராம் எழுதறேன். டாலன்னு ஒரு மென்பொருள்.

செய்தி வாசிக்கற மாதிரி பேசறதுன்னு நெனச்சுடாதீங்க. ப்ரோக்ராம்ல பாதி அடைப்புக்குறியும் புள்ளியும்தான். எல்லாத்தையும் முழுசா சொன்னா சாயந்தரத்துக்குள்ள தொண்டை கட்டிக்கும். அதுவும் பி, சி, டி, இ எல்லாம் காதுக்கு ஒண்ணுபோலவே கேக்கும். அதனால எழுத்துக்கு ஒரு குட்டிச் சொல்: ஏ-வுக்கு ஏர் (நம்ம ஏர் இல்ல, காத்து), பி-க்கு பேட், சி-க்கு கேப், டி-க்கு ட்ரம். உதட்டைக் குவிச்சு 'பாப்'னு ஒரு சத்தம் விட்டா மவுஸ் கிளிக் ஆகற மாதிரியும் வெச்சுக்கலாம். பால் ஊத்த வர்றவர் என்னைப் பாத்து ரொம்ப நாள் பயந்தார்.

எங்கப்பா ஏர் ஓட்டறப்ப மாட்டுக்கிட்ட வாக்கியமா பேசினதில்ல. கிளம்ப ஒரு சத்தம், திரும்ப ஒண்ணு, நிக்க ஒண்ணு. மாடு நம்ம பேச்சைப் புரிஞ்சுக்கணும்னு அவர் காத்திருக்கல, சத்தத்தை முடிவு பண்ணிப் பழக்கினார். இதுவும் அவ்வளவுதான். பழக எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

இது நேத்து வந்த வித்தையும் இல்ல. கைவலியால டைப் பண்ண முடியாமப் போன டாவிஸ் ரட்ங்கற ப்ரோக்ராமர், 2013-ல அமெரிக்காவுல நடந்த பைகான் மாநாட்டு மேடையில குரலாலேயே கோடு எழுதிக் காட்டினார். அதுக்கு ரொம்ப நாள் அப்புறம்தான் நான் எங்க ஆபீஸ்ல கேட்டேன்: ஒரு மைக், கதவு சாத்தற மாதிரி ஒரு சின்ன ரூம். "மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்குமே, கை சரியானதும் வாங்க"ன்னாங்க. அந்தத் தளத்துலயே மீட்டிங் ரூம் ரெண்டு நாள் முழுக்க காலியாக் கிடக்கும்.

எனக்கு நிலம் இருந்தது, வந்துட்டேன். வாடகை வீட்டுல லோன் கட்டிட்டிருக்கறவன் எங்க போவான்? வலியை மறைச்சுக்கிட்டு டைப் பண்ணுவான், கை மொத்தமாப் போற வரைக்கும்.

இதைப் படிக்கறவங்கள்ல டீம் லீடுங்க சில பேர் இருக்கீங்கன்னு தெரியும். பக்கத்து சீட்டுல யாராவது மணிக்கட்டைப் பிடிச்சுவிட்டுக்கிட்டு இருந்தா, அந்த ரூம் சாவியையும் ஒரு மாச டைமையும் கொடுங்க. மைக் அவங்களே வாங்கிப்பாங்க.