டபுள் ஷாக் வாங்கலாமாண்ணே?

போன வாரம் ராத்திரி பத்து மணி இருக்கும். போன் அடிச்சது. உப்பிலியபுரத்துத் தம்பி ஒருத்தன். திருச்சியில செகண்ட் இயர் படிக்கிறான்.

"அண்ணே, இருபத்தஞ்சாயிரம் ரெடி! டபுள் ஷாக் சைக்கிள் ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். முன்னாடி ஷாக், பின்னாடி ஷாக், டிஸ்க் பிரேக், இருபத்தோரு கியர். பச்சமலையில இறக்குனா சும்மா பறக்கும்ல?"

"பணம் ஏதுடா?"

"அம்மா சீட்டு எடுத்தாங்கண்ணே."

அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் வரலை மக்களே. ஏன்னா, இதே கதையில ஹீரோவா நடிச்சு அடிவாங்கினவன் நான்!

காலேஜ் நாட்கள்ல நானும் அப்படி ஒரு டபுள் ஷாக் வாங்கினேன். ஹாஸ்டல் வாசல்ல நிறுத்தினா கூட்டம் கூடும். மூணாவது மாசம் ஒரு மலை இறக்கத்துல, பின்பக்க ஷாக்கைத் தாங்குற கையோட போல்ட் லூஸாகிடுச்சு. சக்கரம் ஒரு பக்கமா சாய்ஞ்சு ஃப்ரேம்ல உரசுச்சு. அடுத்த செகண்ட் நான் தரையில. காரை எலும்பு முறிஞ்சு, ஆறு வாரம் கையைத் தூளியில மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். சைக்கிள் பழைய இரும்புக் கடைக்குப் போச்சு.

அதனால, இந்த வாரம் நம்ம பக்கம் முழுக்க இதுதான். கல்லும் கரடுமான பாதையில, வேகமா, அடிக்கடி ஓட்டணும். அதுக்குத் தாங்குற ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளை எப்படித் தேர்ந்தெடுக்கறது?

பச்சமலை என்ன கேக்குது?

உப்பிலியபுரத்துப் பசங்க கொடுத்துவெச்சவங்க. ஒரு பக்கம் பச்சமலை. இன்னொரு பக்கம் கொல்லிமலை அடிவாரத்துல புளியஞ்சோலை. சோபனபுரத்துலேர்ந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறுற மலை ரோடு தார் ரோடுதான். அதுக்கு டபுள் ஷாக்கே தேவையில்லை. ஆனா மேலே போனதும் ஊருக்கு ஊர் பிரியற மண் பாதை இருக்கே... மரவள்ளிக் காட்டை ஒட்டி, உருளைக் கல்லும் வேரும் மழைநீர் அரிச்ச பள்ளமுமா... அங்கேதான் சைக்கிளோட சாயம் வெளுக்கும்.

இந்த விளையாட்டே அப்படி ஒரு இறக்கத்துல பிறந்ததுதான். 1976 அக்டோபர் 21. கலிபோர்னியாவுல ஃபேர்ஃபாக்ஸ்ங்கிற ஊர்ப் பக்கத்துல, சில இளவட்டங்கள் பழைய கனமான சைக்கிள்களை மலை உச்சிக்குத் தூக்கிட்டுப் போய் ரேஸ் விட்டாங்க. பெடலைப் பின்னால மிதிச்சா பிடிக்கிற பிரேக். கீழே வர்றதுக்குள்ள உள்ளே இருக்குற கிரீஸ் புகைஞ்சு ஆவியாயிடும். ஒவ்வொரு தடவையும் பிரிச்சு, புதுசா கிரீஸ் அடைக்கணும். அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்'னு பேர் வந்துச்சு. பாடம் என்னன்னா, உடையாத சைக்கிள்னு ஒண்ணு கிடையாது. பிரிச்சுப் பூட்டி மறுபடி ஓட்ட முடியற சைக்கிள்தான் நீடிக்கும். இதை மனசுல வெச்சுக்கிட்டுக் கடைக்குப் போங்க.

முதல்ல அமுக்கிப் பாருங்க

சீட்டு மேல ரெண்டு கையையும் வெச்சு நல்லா அமுக்கி, சட்டுனு விடுங்க. பந்து மாதிரி துள்ளி எழுந்து, மேலும் கீழும் ஆடுதா? அப்போ அது வெறும் ஸ்பிரிங். உள்ளே வேகத்தை அடக்குற எண்ணெய் இல்லை. கல்லுல ஏறினதும் உங்களைத் தூக்கி முன்னால எறியும். நல்ல ஷாக் அமுங்கும். அப்புறம் நிதானமா எழுந்து ஒரே இடத்துல நிக்கும். எழும்புற வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் இருக்கும்.

காத்து அடைக்கிற ஷாக்கா இருந்தா உங்க எடைக்குத் தக்கபடி காத்தை மாத்தலாம். நீங்க ஏறி உக்காந்ததும் ஷாக் தன் மொத்த ஓட்டத்துல 25-லேர்ந்து 30 சதவீதம் அமுங்கணும். ஓட்டம் 50 மில்லிமீட்டர்னா, 13-லேர்ந்து 15. ஷாக்குத் தண்டுல ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது நகர்ந்த தூரத்தை ஸ்கேல் வெச்சு அளந்தா போதும்.

சக்கரம் மேலும் கீழும் போற தூரம் எவ்வளவு வேணும்? பச்சமலை மாதிரி பாதைக்கு 130, 140 மில்லிமீட்டர் தாராளம். 170 எல்லாம் பெரிய பாறையிலேர்ந்து குதிக்கிறவங்களுக்கு. அதை வாங்கிட்டு ஏத்தத்துல மிதிச்சா நாக்கு தள்ளும்!

இன்னொரு விஷயம். சைக்கிளோட கையேட்டுல எந்தப் பயன்பாட்டுக்குன்னு ஒரு வகை எண் போட்டிருப்பாங்க. பரவலா இருக்குற அமெரிக்க முறைப்படி 3-ம் வகைன்னா கரடுமுரடான பாதை, 61 சென்டிமீட்டர் உயரம் வரைக்கும் குதிக்கலாம். 4-ம் வகைன்னா 122 சென்டிமீட்டர். சில சைக்கிள்ல 'கரடுமுரடான பாதையில் ஓட்ட வேண்டாம்'னு பொடி எழுத்துல ஸ்டிக்கரே இருக்கும். பின்னால ரெண்டு ஷாக் மாட்டியிருந்தாலும் சரி, அந்த ஸ்டிக்கர் இருந்தா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

பிரேக்கு... இதுல விளையாட்டு வேணாம்!

எஞ்சினியரிங் பசங்களுக்கு ஒரு கணக்கு. நீங்களும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. 400 மீட்டர் உயரம் இறங்குறீங்க. அந்த சக்தி எவ்வளவு தெரியுமா? சுமார் 333 கிலோஜூல். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்கிற சூட்டுக்குக் கொண்டுவர இது போதும்! காத்து கொஞ்சம் வாங்கிக்கும். மிச்சமெல்லாம் பிரேக் தலையிலதான். அதனால ஆயில்ல வேலை செய்யற ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக்கே பாருங்க. தட்டு 180 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

எந்த ஆயில்னும் கேளுங்க. ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில். எஸ்ராம் பிரேக் பலதுக்கு டாட் ஆயில், அதாவது பைக்குக்கு ஊத்துற அதே ரகம். துறையூர்ல எந்த ஸ்பேர் கடையிலயும் டாட் ஆயில் கிடைக்கும். ஆனா மினரல் ஆயில் பிரேக்குல அதை ஊத்தினீங்கன்னா உள்ளே இருக்குற ரப்பர் சீல் எல்லாம் காலி. மெக்கானிக் அண்ணன் 'எல்லாம் ஒண்ணுதான் தம்பி'ன்னு சொன்னாலும் விட்டுடாதீங்க!

பேரிங் நம்பர் கேளுங்க

ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்ல முதல்ல தேயறது, பின்பக்கக் கை மடங்கி நிமிர்ற மூட்டுகள்தான். மட்டமான சைக்கிள்ல அங்கே பிளாஸ்டிக் புஷ் இருக்கும். நல்லதுல மூடின பேரிங். அதுக்கு 6902, 6802-ன்னு நம்பர் உண்டு. 6902-ன்னா உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, தடிப்பு 7 மில்லிமீட்டர். உலகம் முழுக்க ஒரே அளவு. திருச்சியில பேரிங் கடைக்குப் போய் நம்பரைச் சொன்னாலே வேலை நடக்கும். அந்தக் கம்பெனிக்கு மட்டுமே ஆன தனி அளவுன்னா, மாசக்கணக்குல சைக்கிள் சுவத்துல சாய்ஞ்சு நிக்கும். மூட்டு எவ்வளவு குறைவோ, செலவும் அவ்வளவு குறைவு.

அடுத்து சக்கரம். பின்பக்க ஹப்புல பல் சக்கரத் தொகுதி மரையில திருகி மாட்டினதா, இல்ல வரிப்பள்ளத்துல செருகினதான்னு பாருங்க. திருகினதுன்னா பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். அடி விழும்போது ஆக்ஸில் வளையும். செருகுற கேசட், கூடவே முன்னால 15, பின்னால 12 மில்லிமீட்டர் தடிச்ச ஆக்ஸில் இருந்தா தைரியமா ஓட்டலாம். டயர் 2.3 அங்குலமாவது இருக்கணும். ட்யூப்லெஸ்ஸா மாத்தி உள்ளே சீலன்ட் ஊத்திடுங்க. நம்ம ஊர் சீமைக்கருவேல முள்ளுக்கு வேற மருந்து இல்லை!

சைக்கிள் வாங்குற அன்னைக்கே கியர் மாத்துற டிரெயிலரைத் தாங்குற சின்ன ஹேங்கர் ஒண்ணு கூடுதலா வாங்கிடுங்க. கீழே விழுந்தா முதல்ல வளையறது அதுதான். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒரு வடிவம். 2019-ல் எஸ்ராம் கொண்டுவந்த பொது வடிவ ஹேங்கர் இருக்குற ஃப்ரேம்னா தேடி அலைய வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட்ல பார்க்குறீங்களா? பகல் வெளிச்சத்துல பாருங்க. ஹேண்டில் பாருக்குக் கீழே, பெடல் பக்கம், ஷாக் மாட்டுற இடம்... இந்த மூணு வெல்டுலயும் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் வேண்டாம். அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமா களைச்சு, ஒருநாள் சொல்லாம விட்டுடும். ரெண்டாவது கைக்கு வாரன்ட்டியும் பல கம்பெனிகள்ல கிடையாது.

அப்போ இருபத்தஞ்சாயிரத்துக்கு?

உண்மையைச் சொல்லிடறேன். மேலே சொன்னதெல்லாம் இருக்குற ஃபுல் சஸ்பென்ஷன் ஒரு லட்சத்துக்கு மேலதான். ரெண்டு லட்சத்தைச் சாதாரணமாத் தாண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12-லேர்ந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. அப்படியும் எட்டாத விலைதான். வாங்கினதோட முடியாது. முன் ஷாக்கைச் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை கழட்டிச் சுத்தம் பண்ணி ஆயில் மாத்தணும். அதுவும் காசுதான்.

அதனால பட்ஜெட் கம்மின்னா பின் ஷாக்கை மறந்துடுங்க. பின்னால விறைப்பா, முன்னால மட்டும் நல்ல காத்து ஷாக் இருக்குற 'ஹார்டுடெயில்' பாருங்க. ரெண்டு மட்டமான ஷாக்கைவிட ஒரு நல்ல ஷாக் மேல். தேயற மூட்டும் இல்லை. முழங்காலும் முழங்கையும் மடக்கி ஓட்டப் பழகினா அதுவே பின் ஷாக்கு! ஹெல்மெட்டுக்குன்னு முதல்லயே காசை எடுத்து வெச்சுடுங்க.

அப்புறம், காட்டுக்குள்ள போற பாதைன்னா துறையூர் வனச்சரக அலுவலகத்துல கேட்டுட்டுப் போங்க. 2018 மார்ச்சுல குரங்கணிக் காட்டுத் தீயில மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டவங்க இறந்ததை மறக்கக் கூடாது.

தம்பி கதைக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டுல சந்திச்சு, அந்தக் கடைக்குப் போனோம். "நீயே அமுக்கிப் பாருடா"ன்னேன். அமுக்கினான். சீட்டு குதிரை மாதிரி துள்ளுச்சு. குனிஞ்சு மூட்டைப் பார்த்தான். பிளாஸ்டிக். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

"நல்ல ஹார்டுடெயில் இருபத்தஞ்சுல வராதாண்ணே?"

"பச்சமலைக்குத் தாங்குறது வராதுடா. சேர்த்துட்டு வாங்கு."

முகம் தொங்கிப்போச்சு. துறையூர் பஸ்ல ஏத்திவிட்டேன். எனக்கே கொஞ்சம் கஷ்டமாதான் இருந்தது.

நேத்து மெசேஜ் வந்தது: "அம்மாகிட்ட பணத்தைத் திருப்பிக் குடுத்துட்டேண்ணே. பிளஸ் ஒன்ல குடுத்த கவர்மென்ட் சைக்கிள் வீட்டுல கிடந்துச்சு. செயினுக்கு எண்ணெய் விட்டு சோபனபுரம் வரைக்கும் மிதிச்சேன். காலு ரெண்டும் செத்துப்போச்சு!"

பதில் போட்டேன்: "கால் ரெடியாகட்டும்டா தம்பி. காசு ரெடியாகறப்ப சேர்ந்து போய்ப் பார்ப்போம்."