கணையச் சீழுக்கு எண்டோஸ்கோப்பி: 'ஆபரேஷன் வேண்டாம்' என்பதில் எவ்வளவு உண்மை?

கணைய அழற்சி முற்றி அட்மிட் ஆனவரின் வீட்டார் பதறிப்போய் கேட்பது: "வயித்தைக் கிழிப்பாங்களா டாக்டர்?" பெரிய மருத்துவமனைகளில் இப்போது வரக்கூடிய பதில்: "வேண்டாம், எண்டோஸ்கோப்பியிலேயே முடிச்சிடலாம்." சரி, அந்த 'முடிச்சிடலாம்'-க்குள் என்னென்ன இருக்கு?

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. அது வீங்க முக்கியக் காரணங்கள் பித்தப்பைக் கல்லும் மதுவும். பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் சரியாகிவிடும். சிலருக்குத்தான் திசு செத்து, நீர் கோத்து, சீழ் பிடிக்கும். அங்கே வருவது இயூஎஸ்: எண்டோஸ்கோப் முனையில் குட்டி அல்ட்ராசவுண்ட். வாய் வழியாக இரைப்பைக்குள் போய், சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள சீழ்ப்பையைப் பார்த்து, ரத்தக் குழாய்களில் படாமல் குத்தி, ஸ்டென்ட் வைப்பார்கள். சீழ் இரைப்பைக்குள் வடிந்துவிடும்.

டேட்டா என்ன சொல்லுது? 2018-ல் லான்செட்டில் வந்த நெதர்லாந்து ஆய்வில் 98 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு எண்டோஸ்கோப்பி. மற்றதற்குத் தோல் வழியே குழாய், தேவைப்பட்டால் சிறு கீறல் ஆபரேஷன். மரணம் அல்லது பெரிய சிக்கல்: எண்டோஸ்கோப்பியில் 43%, ஆபரேஷன் பிரிவில் 45%. கிட்டத்தட்ட சமம்! எண்டோஸ்கோப்பி ஜெயித்தது வேறு இடத்தில். கணைய நீர் கசிந்துகொண்டே இருக்கும் தொல்லை 5% பேருக்குத்தான். மற்ற பிரிவில் 32%. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்கள் சராசரியாக 53, எதிரே 69. (53 நாளே 'குறைவு' என்றால் நோயின் தீவிரம் புரியும்.)

"இன்னும் ஏன் பண்ணல?" என்று கோபப்படும் முன் இன்னொரு ஆய்வு. சீழ்ப்பையைச் சுற்றிச் சுவர் கட்ட சுமார் 4 வாரம் ஆகும். 2021-ல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக்கோடு காத்திருந்தவர்களில் 39% பேருக்கு வடிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது ஸ்டென்ட். டம்பெல் வடிவ உலோக ஸ்டென்ட்டைப் பொதுவாக 3-4 வாரத்தில் ஸ்கேன் பார்த்து எடுத்துவிட வேண்டும். பை சுருங்கிய பிறகும் அது அங்கேயே இருந்தால் உரசி ரத்தக்கசிவு வரலாம். வலி போயிடுச்சே என்று அடுத்த விசிட்டைத் தள்ளிப்போடுவது ஆபத்து. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஸ்டென்ட் எடுக்கும் தேதி இருக்கான்னு பாருங்க. இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்க. காரணம் பித்தப்பைக் கல் என்றால், உடம்பு தேறியதும் பித்தப்பையை எடுக்கும் ஆபரேஷன் எப்போது என்பதையும் அப்போதே கேளுங்க.