தாயை விடுங்கள், பாட்டிலைப் பிடியுங்கள்!



அங்கன்வாடியில் வேலை செய்பவர்களே, கிராமச் செவிலியர்களே, மகளிர் குழுவில் பினாயில் கலந்து விற்கிற அக்காமார்களே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். வெயில் ஏறிவிட்டது. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தாகம் எடுத்தால் யாரையும் கேட்காது. கைக்கு எட்டுகிற பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொள்ளும். மண்ணெண்ணெயும் ஆசிட்டும் பிள்ளையின் வயிற்றுக்குள் போவது இப்படித்தான்.

செய்தி பரவியதும் ஊர் கேட்கிற முதல் கேள்வி நமக்குத் தெரியும்: "தாய்க்காரி எங்க போனா?" மாமியார் கேட்பாள், பக்கத்து வீடு கேட்கும், ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவரும் கேட்பார். நம் ஆட்களிலும் கேட்கிறவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள். அவள் குழாயடியில் நின்றிருப்பாள், அடுப்பில் உலை வைத்திருப்பாள், கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். வேறெங்கே போயிருப்பாள்? "எட்டாத உயரத்தில் வையுங்கள்" என்று அறிவுரை சொல்கிறவர்கள், அலமாரி இல்லாத ஒற்றை அறை வீட்டில் அந்த உயரம் எங்கே இருக்கிறது என்றும் காட்டிவிட்டுப் போகட்டும். விற்றது யார், எதில் ஊற்றி விற்றார்கள், அதை விட்டுவைத்தது யார் என்று கேட்போம்.

தெருவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வருகிற மூன்று சக்கர வண்டியைப் பாருங்கள். பினாயில், ஆசிட், சோப்பு ஆயில். எல்லாம் தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலும்தான். லேபிள் பாதி கிழிந்து தொங்கும். மூடியும் பழைய மூடிதான், பிள்ளை பல்லால் கடித்தே திறந்துவிடும். மஞ்சள் ஆசிட் ஜூஸ் மாதிரி இருக்கிறது. வெள்ளைப் பினாயிலில் தண்ணீர் கலந்தால் பால்தான். சோப்பு செய்ய வாங்கிவைத்த காஸ்டிக் சோடாவுக்கும் கல்கண்டுக்கும் வித்தியாசம் பெரியவர்களுக்கே சட்டென்று தெரியாது. ஆசிட் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடு வேண்டும், வாங்குகிறவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டது. பெண்கள் மீது ஆசிட் வீசுவதைத் தடுக்க வந்த உத்தரவு அது. நம் தெரு வண்டியில் பதிவேட்டை யாராவது பார்த்ததுண்டா?

காஸ்டிக் குடித்த குழந்தைக்கு உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிப்போகும். பிறகு சோறு இறங்காது, சில பிள்ளைகளுக்குத் தண்ணீரும் இறங்காது. நூறு வருடங்களுக்கு முன்னால் அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்ற தொண்டை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனார். மருத்துவம் மட்டும் செய்துகொண்டிருந்தால் போதாது என்று பல வருடங்கள் அலைந்து போராடினார். 1927இல் சட்டம் வந்தது: காஸ்டிக் டப்பாவில் 'விஷம்' என்று அச்சடித்தாக வேண்டும். ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுத்து ஏது? மண்டையோட்டுப் படம் போட்டாலும் அதற்கு அது பொம்மைதான். 1970இல்தான் அந்த நாட்டில் பிள்ளைகளால் திறக்க முடியாத மூடிக்குச் சட்டம் வந்தது. மூடி மாறியபின் ஆஸ்பிரின் மாத்திரையை விழுங்கிச் செத்த குழந்தைகளின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. அந்த ஊர்த் தாய்மார்கள் திடீரென்று உஷாராகிவிட்டார்களா என்ன?

இனி நம் பையையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம். கர்ப்பிணிகளுக்கு நாம் கையில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை சிவப்பு நிறம், மேலே சர்க்கரைப் பூச்சு. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. மூத்த பிள்ளைக்கு எடை பத்து கிலோ என்றால், பத்து மாத்திரை உயிருக்கே ஆபத்தாகும் அளவு. நாலைந்து மாத்திரை தின்றாலே ஆஸ்பத்திரிக்குத் தூக்க வேண்டும். வாந்தியும் பேதியும் வரும், சில மணி நேரத்தில் நின்றுவிடும், பிள்ளை எழுந்து உட்காரும். "சரியாப்போச்சு" என்று வீட்டில் நிம்மதியாவார்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ மயங்கி விழும். மாத்திரை கொடுக்கும்போது "தவறாமல் சாப்பிடும்மா" என்று சொல்கிற நாம், "மூத்தது எங்கே தூங்குது, இதை எங்கே வைக்கப்போறே?" என்று இனிமேல் கேட்டே ஆக வேண்டும்.

எலி பேஸ்ட்டும் இப்படித்தான் ஏமாற்றும். இரவில் தக்காளித் துண்டிலோ பன்னிலோ தடவி மூலையில் வைக்கிறார்கள், விடிந்ததும் எலிக்கு முன்னால் பிள்ளை அங்கே போய்விடுகிறது. முதல் நாள் வாந்தி, பிறகு ஒன்றிரண்டு நாள் சும்மா இருக்கும், அப்புறம் கண் மஞ்சளாகி ஈரல் கெட்டுப்போகும். அதில் இருக்கிற மஞ்சள் பாஸ்பரஸுக்கு மாற்று மருந்து கிடையாது. தமிழக அரசு அந்த பேஸ்ட்டைத் தடை செய்திருக்கிறது. தடை காகிதத்தோடு நின்றுவிட்டதா என்று பெட்டிக்கடையில் போய்க் கேட்டுப் பார்ப்பது நம் வேலை. வைத்திருந்தால் வேளாண் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

அப்புறம் அந்த உப்புத் தண்ணீர்! பிள்ளை எதைக் குடித்தாலும் உப்பைக் கரைத்துப் புகட்டு, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வை என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். மண்ணெண்ணெய் கொல்வது வயிற்றிலிருந்து அல்ல, நுரையீரலில் புகுந்துதான். வாந்தி எடுக்கவைத்தால் அது நுரையீரலுக்குள் போக நாமே வழி செய்கிறோம். ஆசிட் என்றால் வெந்த தொண்டை இன்னொரு தடவை வேகும். அளவு மீறிய உப்பே சின்னப் பிள்ளையைக் கொன்றுவிடும். வாயைத் துடையுங்கள், கொப்பளிக்கத் தெரிந்த பிள்ளையென்றால் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வேறு எதையும் புகட்ட வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள். பாட்டிலோ மாத்திரை அட்டையோ எது கிடக்கிறதோ அதைக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டருக்குப் பாதி வேலை அதிலேயே முடியும். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையத்தின் எண் 1800 116 117. கட்டணம் கிடையாது, இரவு பகல் எப்போதும் பேசலாம். அங்கன்வாடிச் சுவரில் இதைப் பெயின்ட்டால் பெரிதாக எழுதுங்கள்.

குழுவில் பினாயில் செய்கிற அக்காக்களே, உங்களிடம் கொஞ்சம் கறாராகவே பேசுகிறேன். பழைய பாட்டில் சும்மா கிடைக்கிறது, புதுக் கேன் வாங்கினால் லாபம் குறையும் என்பது எனக்கும் தெரியும். குறையட்டும். விலையில் ஒன்றிரண்டு ரூபாய் ஏற்றுங்கள், காரணத்தைச் சொல்லியே ஏற்றுங்கள். குடிக்கிற பாட்டிலில் ஊற்றாத குழு என்று பெயர் எடுத்தால், வண்டிக்காரரைக் கேள்வி கேட்கிற தகுதி நமக்கு வரும். அவரும் நம்மைப்போல் பிழைப்புக்கு அலைகிறவர்தான், சண்டைக்குப் போகாதீர்கள். மொத்தமாக நிரப்பிக் கொடுக்கிற குடோன் எதுவென்று விசாரித்து அங்கே போங்கள்.

இந்த வாரத்திலிருந்தே தொடங்குவோம். இருவர் இருவராக, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கிற வீடெல்லாம் ஏறி இறங்குங்கள். கட்டிலடி, குளியலறை மூலை, தையல் மெஷின் மேல் இருக்கிற மாத்திரை டப்பா, கொசு மருந்து பாட்டில் எல்லாவற்றையும் தாயோடு சேர்ந்து பாருங்கள், அதிகாரி மாதிரி நிற்காதீர்கள். ஒரு பூட்டும் கொண்டியும் வாங்கக் காசில்லாத வீடுகளைக் குறித்துக்கொண்டு வாருங்கள், சங்க நிதியிலிருந்து கொடுப்போம்.

மே 1 கிராம சபையில் நம் தீர்மானம் ஒன்றே ஒன்றுதான்: குடிநீர், குளிர்பான பாட்டிலில் ஆசிட், பினாயில், மண்ணெண்ணெய் விற்க இந்த ஊராட்சியில் இடமில்லை. தலைவர் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்பார். வண்டியில் விற்கிற பாட்டில் ஒன்றையும் கடையில் விற்கிற ஜூஸ் பாட்டில் ஒன்றையும் அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது என்று மூடியைத் திறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறி, நகல் கைக்கு வரும்வரை யாரும் எழுந்திருக்க வேண்டாம்.