அலறும் பழைய டீசல் பிக்கப்... அமைதிப்படுத்தும் குட்டி கியர்பாக்ஸ்! போட்டால் லாபமா?

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் 1980களில் வந்த ஃபோர்டு எஃப்-250 டீசல் பிக்கப்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வைக்கோல் கட்டு, குதிரை டிரெய்லர், விறகு என எதையும் இழுக்கும். இன்ஜினில் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டு வாசலிலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். ஆனால், நெடுஞ்சாலையில் ஏறினால் மட்டும் ஒரு பிரச்னை. வேகம் மணிக்கு 70 மைலைத் தொடும்போது இன்ஜின் அலறும். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்.

'வண்டியை விற்றுவிடலாமா?' என்று உரிமையாளர்கள் யோசிக்கும் இடம் இதுதான். புது ஹெவி டியூட்டி டீசல் பிக்கப் வாங்கப் போனால், 60,000 டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். அந்தச் சமயத்தில்தான் 'ஆக்ஸிலரி ஓவர்டிரைவ்' என்ற பெயர் காதில் விழுகிறது. இருக்கிற கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்ன கியர்பாக்ஸைச் சேர்ப்பதுதான் அது. சேர்த்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? பார்க்கலாம்.

ஏன் அலறுகிறது?

காரணம் இன்ஜினில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது! 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, அமெரிக்கா முழுக்க மணிக்கு 55 மைல் (சுமார் 88 கிலோமீட்டர்) என்பதே உச்ச வேகம் என 1974-ல் சட்டம் வந்தது. 1987-ல் கிராமப்புற நெடுஞ்சாலைகளுக்கு மட்டும் 65 மைல் வரை அனுமதித்தார்கள். 1995-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இப்போது பல மாநிலங்களில் 70, 75 மைல் சாதாரணம்.

6.9 லிட்டர் டீசல் இன்ஜினோடு இந்த பிக்கப் வந்தது 1983 மாடலில். அதாவது, 55 மைல் காலத்தில். பாரம் இழுக்க வேண்டிய வண்டி என்பதால் பின் ஆக்ஸிலில் 4.10 விகித கிரவுன்-பினியன் கொடுத்தார்கள். சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்ற வேண்டும். கியர்பாக்ஸ், 'சி6' என்ற மூன்று கியர் ஆட்டோமேட்டிக். அதன் டாப் கியரில் இன்ஜினும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும். அதற்கு மேல் கியர் கிடையாது.

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். அந்த வண்டிக்கு வழக்கமான 235/85 ஆர்16 டயரை வைத்துப் பார்த்தால், 55 மைலில் இன்ஜின் நிமிடத்துக்கு சுமார் 2,390 சுற்று சுற்றும். 70 மைலில் சுமார் 3,040. இந்த இன்ஜின் தன் முழு சக்தியைக் கொடுப்பதே 3,300 சுற்றில்தான். ஆக, 70 மைலில் போவது என்பது, அதைக் கிட்டத்தட்ட உச்சியில் வைத்தே மணிக்கணக்கில் ஓட்டுவது.

உள்ளே என்ன இருக்கிறது?

இந்த யோசனை புதிதல்ல. எட்கர் டி நார்மன்வில் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வடிவமைத்து, லேகாக் நிறுவனம் தயாரித்த ஓவர்டிரைவ், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ட்ரையம்ஃப், ஜாகுவார், வால்வோ கார்களில் வந்தது. அதே வழியில் வந்ததுதான், கலிஃபோர்னியாவின் எல் கஹோன் நகரில் உள்ள கியர் வெண்டார்ஸ் நிறுவனம் பிக்கப்களுக்காகத் தயாரிக்கும் யூனிட்.

உள்ளே ஒரு 'பிளானெட்டரி' கியர் செட் இருக்கிறது. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றி சில குட்டிச் சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து உள்பக்கம் பல் வெட்டிய ஒரு வளையம். சாதாரண நிலையில், கூம்பு வடிவ கிளட்ச் ஒன்று எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி வைத்திருக்கும். முழு செட்டும் ஒரே கட்டையாகச் சுற்றும். வித்தியாசமே தெரியாது.

டிரைவர் சுவிட்சைப் போட்டதும் சோலனாய்டு ஆயில் அழுத்தத்தைத் திறந்துவிடும். கிளட்ச் நகர்ந்து, நடுச் சக்கரத்தைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். நின்றுபோன நடுச் சக்கரத்தைச் சுற்றி குட்டிச் சக்கரங்கள் உருள, வெளி வளையம் முன்பைவிட வேகமாகச் சுற்றும். விகிதம் 0.778. இன்ஜின் பக்கம் 778 சுற்று வந்தால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பக்கம் 1,000 சுற்று போகும்.

3,040-ஐ 0.778-ஆல் பெருக்கிப் பாருங்கள். சுமார் 2,365. ஓவர்டிரைவ் போட்ட வண்டி 70 மைலில் போகும்போது, அந்தக் காலத்தில் 55 மைலில் சுற்றிய அதே வேகத்தில்தான் இன்ஜின் சுற்றும்!

மலையேற்றத்தில் இன்னொரு லாபம்

சி6 கியர்பாக்ஸில் இரண்டாவது கியர் 1.46, மூன்றாவது 1.00. நடுவில் பெரிய இடைவெளி. டிரெய்லரோடு 50 மைலில் மேடு ஏறும்போது மூன்றில் போட்டால் இன்ஜின் 2,170 சுற்றில் திணறும். இரண்டுக்கு மாற்றினால் 3,170-க்குப் பாய்ந்துவிடும். இரண்டாவது கியரிலேயே ஓவர்டிரைவையும் போட்டால் சுமார் 2,470. இரண்டுக்கும் நடுவில் ஒரு கியர் கிடைத்துவிடுகிறது. மூன்று கியர் வண்டி, ஆறு கியர் வண்டியாகிவிடும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

மாட்டுவது, போல்ட்டைக் கழற்றிப் பூட்டுகிற வேலை மட்டும் அல்ல. நான்கு விஷயங்கள் முக்கியம்.

* ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்: யூனிட் இடத்தை எடுத்துக்கொள்வதால், ஷாஃப்ட்டை வெட்டிக் குறுக்கி, மறுபடி வெல்டிங் செய்து, பேலன்ஸ் பார்க்க வேண்டும். ஓவர்டிரைவ் குறைப்பது இன்ஜினின் சுற்றை மட்டும்தான். 70 மைலில் ஷாஃப்ட் பழையபடி 3,040 சுற்றில்தான் சுற்றும். பேலன்ஸ் சரியில்லாவிட்டால் வண்டி அதிரும், யு.ஜே. கிராஸ் சீக்கிரம் போகும். ஷாஃப்ட்டின் சாய்வுக் கோணத்தையும் அளந்து சரிசெய்ய வேண்டும். இந்த வேலையை அதற்கென்றே இருக்கும் பட்டறையில் கொடுப்பதுதான் நல்லது.

* ஃபோர் வீல் டிரைவ்: இந்த வண்டிகளில் யூனிட், டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் உட்காரும். அதனால் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் ஓவர்டிரைவ் கிடைக்கும். நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகும்போது அதைப் போட்டால், பின்பக்கம் ஒரு வேகம், முன்பக்கம் ஒரு வேகம் என இழுபறியாகி ஏதாவது உடையும். ஃபோர் வீலுக்கு மாறுவதற்கு முன் ஓவர்டிரைவ் ஆஃப் ஆக வேண்டும்.

* ரிவர்ஸ்: ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால், உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும். அப்போது தானாகவே துண்டிக்கும்படி ஒயரிங் இருக்க வேண்டும். இதில் குறுக்குவழி வேண்டாம்.

* ஸ்பீடோமீட்டர்: கேபிள் ஓவர்டிரைவுக்கு முன்னால் இருந்து வந்தால், 70-ல் போகும்போது முள் 55-க்குக் கீழேயே நிற்கும். யூனிட்டுக்குப் பின்னால் இருந்துதான் எடுக்க வேண்டும்.

மாட்டிய பிறகு ஓட்டும் பழக்கமும் கொஞ்சம் மாற வேண்டும். ஓவர்டிரைவில் சக்கரத்துக்குப் போகும் இழுவிசை சுமார் 22 சதவிகிதம் குறையும். பாரத்தோடு மேடு ஏறும்போது அதைப் போட்டே வைத்திருந்தால், இன்ஜின் முக்கி, சூடாகும். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங்கும் குறைந்துவிடும். மேடும் இறக்கமும் முடிந்து சமதரை வரும்வரை சுவிட்ச் ஆஃப்.

டீசல் செலவு குறையுமா?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வண்டி கேலனுக்கு 15 மைல் கொடுக்கிறது, ஓவர்டிரைவால் 10 சதவிகிதம் கூடி 16.5 மைல் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 10,000 மைல் ஓடினால் மிச்சமாவது 61 கேலன். கேலன் 4 டாலர் என்றால், 240 டாலர் சொச்சம். யூனிட், ஷாஃப்ட் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 3,500 டாலர் ஆனதாக வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப வர 14 வருடங்களுக்கு மேல் ஆகும்!

காரணம், காற்று. வேகம் 55-லிருந்து 70 ஆகும்போது காற்றின் எதிர்ப்பு 62 சதவிகிதம் கூடுகிறது. எந்த கியரைப் போட்டாலும் அது குறையாது. அதே வண்டியை 70-க்கு பதில் 60-ல் ஓட்டினால் காற்றின் எதிர்ப்பு கால் பங்குக்கு மேல் குறையும், இன்ஜினும் 2,600 சுற்றுக்கு இறங்கிவிடும். செலவு? ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலைக் கொஞ்சம் எடுப்பது மட்டும்தான்.

வேறு வழியும் உண்டு. பின் ஆக்ஸில் கிரவுன்-பினியனை 3.55-க்கு மாற்றினால் 70 மைலில் சுமார் 2,630 சுற்று வரும். ஆனால், பாரத்தோடு கிளம்பும்போது இழுவை 13 சதவிகிதம் குறையும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் முன் ஆக்ஸிலையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஓவர்டிரைவின் பலமே, கிளம்பும் இழுவையில் கை வைக்காமல் ஓடும் வேகத்தில் மட்டும் சுற்றைக் குறைப்பதுதான்.

யாருக்குச் சரிவரும்?

வாரம் ஒரு முறை பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் வரும் வண்டிக்கு இது வீண் செலவு. ஏற்கெனவே கியர்பாக்ஸ் வழுக்கும், இன்ஜின் புகை தள்ளும் வண்டிக்கு அதைவிட வீண். முதலில் அந்தக் கோளாறுகளைச் சரிசெய்ய வேண்டும்.

ஆனால், இன்ஜின் நன்றாக இருக்கிறது, மாதம் பலமுறை நூற்றுக்கணக்கான மைல் டிரெய்லர் இழுக்க வேண்டியிருக்கிறது, புது வண்டிக்கு மாதத் தவணை கட்ட மனசும் இல்லை, வசதியும் இல்லை என்றால், கணக்கு மாறிவிடும். நிமிடத்துக்கு 675 சுற்று குறைவது, ஒரு மணி நேரத்தில் 40,000 சுற்று குறைவதற்குச் சமம். பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் அவ்வளவு தேய்மானம் மிச்சம். வண்டிக்குள் இருப்பவர்களின் காதுக்கும்தான்.

டீசல் மிச்சமாகும் என்று நம்பி இதை வாங்கினால் ஏமாற்றம்தான். பிடித்த வண்டியை இன்னும் பல வருடம் நிம்மதியாக ஓட்டலாம் என்று வாங்கினால், கொடுத்த காசுக்கு மதிப்பு உண்டு.