கல்லும் கொடியும்

மதுவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதப் போகிறோம் என்றால் நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். பயப்பட வேண்டியதில்லை. மதுவிலக்கைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கொள்கையில் அணுவளவும் மாறுதல் இல்லை. ஒரு துளியும் அருந்தாமலே அறிந்துகொள்ளத் தக்க விஷயம் இது. நாம் சொல்லப் போவது ஒரு நிலத்தின் கதை. அந்த நிலத்தை உழுது பிழைத்த குடியானவர்கள் தங்கள் விளைபொருளின் உண்மைக்காகத் தெருவில் இறங்கி நின்ற கதை. பிரெஞ்சுக்காரர்களுக்குத் திராட்சை மது சாப்பாட்டோடு சேர்ந்த ஒரு பண்டம். அதை விளைவிக்கிறவனுக்கோ அதுவே நெல், அதுவே நிலம், அதுவே மானம்.

பிரான்ஸ் தேசத்தின் தென்கோடியில், மத்தியதரைக் கடலின் ஓரமாக, ரோன் நதியின் முகத்துவாரத்துக்கு அருகிலிருந்து பிரனீஸ் மலைச் சாரலை நோக்கி வில்லைப் போல் வளைந்து கிடக்கிறது லாங்தோக் என்னும் பிரதேசம். இந்த நாட்டின் பெயரே ஒரு மொழியின் பெயர்தான். 'ஆம்' என்பதற்கு வட பிரான்ஸில் ஒரு சொல் வழங்க, இங்கே 'ஒக்' என்ற சொல் வழங்கியது. 'ஒக் மொழி' என்பதே நாளடைவில் நாட்டுக்குப் பெயராக நின்றுவிட்டது. கி.மு. 118-ல் ரோமர்கள் இங்கே நார்போன் நகரத்தை நிறுவினார்கள். அவர்கள் காலம் முதற்கொண்டே இங்கு திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது.

மழை குறைவு; வெயில் கடுமை. வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசிக் கொடிகளின் ஈரத்தை உலர்த்தி நோய் அண்டாமல் காக்கிறது. கடற்காற்று வேறொரு பக்கமிருந்து ஈரத்தைக் கொண்டு வருகிறது. மலைச் சரிவுகளில் முள்ளும் புதரும் வாசனைச் செடிகளும் தவிர வேறெதுவும் தானாக வளர்வதில்லை. அந்தச் சரிவுகளில்தான் திராட்சை சிறக்கிறது என்பது இந்த நாட்டின் விந்தை.

மண்ணின் வகையைப் பார்த்தால் இந்த விந்தையின் காரணம் விளங்கும். போழேர் என்ற ஊரைச் சுற்றிலும் 'சிஸ்ட்' என்னும் பாறை கிடக்கிறது. ஏடு ஏடாகப் பிளக்கும் கல் அது. அந்தப் பிளவுகளுக்குள் கொடியின் வேர் நுழைந்து, நீரைத் தேடி வெகு ஆழம் இறங்கிவிடுகிறது. பக்கத்திலுள்ள ஸேன்-ஷீனியானில் வடக்கே அதே ஏட்டுக் கல். தெற்கே களிமண்ணும் சுண்ணாம்புக் கல்லும். நார்போனுக்கும் கடலுக்கும் நடுவே லா கிளாப் என்ற சுண்ணாம்புப் பாறைக் குன்று நிற்கிறது. ரோமர் காலத்தில் அது கடலில் ஒரு தீவாக இருந்தது. ஆற்றோரங்களிலோ உருண்டைக் கூழாங்கற்கள் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் கொடிக்குச் சூடு கொடுக்கின்றன.

கல்லின் ருசியையே வேர் உறிஞ்சி மதுவுக்குக் கொடுக்கிறது என்று சிலர் அழகாகப் பேசுவதுண்டு. விஞ்ஞானிகள் இதை ஒப்புவதில்லை. கல் நிலம் செய்யும் வேலை வேறு. அது நீரை வாரிக் கொடுக்காமல் அளந்து கொடுக்கிறது. அதனால் கொடி இலையும் தண்டுமாகக் கொழுக்க முடிவதில்லை. காய் சிறுக்கிறது, தோல் தடிக்கிறது, சாறு குறைந்து சாரம் மிகுகிறது. வளமான சமவெளியிலோ கொடி காடாக வளர்கிறது. குலை குலையாகக் காய்க்கிறது. சாறு நீர்த்துப் போகிறது. எளிய வாழ்வு மனிதனுக்குச் செய்வதைக் கல் நிலம் கொடிக்குச் செய்கிறது என்று சொன்னால் பொருந்தும்.

இனி, கொடிகளின் வகை. காரிஞான் என்பது தாமதமாகப் பழுக்கும் கருந் திராட்சை. சமவெளியில் அது ஏராளமாகக் காய்த்து வெறும் புளிப்பும் துவர்ப்புமான மதுவைத் தரும். மலைச் சரிவில் ஐம்பது, அறுபது வயதான காரிஞான் கொடி சில குலைகளே தரும். ஆனால் அவற்றின் மதிப்பே தனி. கிரெனாஷ் காற்றையும் வறட்சியையும் பொறுத்து நிற்கும். மதுவுக்கு வலிவும் இனிமையும் சேர்க்கும். ஸிரா நல்ல நிறமும் மிளகு போன்ற மணமும் கொடுக்கும். மூர்வெத்ர் பழுப்பதற்கு நிறைய வெப்பம் வேண்டும். கடலை அடுத்த இடங்களில் அது செழிக்கும். ஸேன்ஸோ மென்மையானது. இவற்றில் ஒன்றை மட்டும் நம்பாமல், ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறைவால் ஈடு செய்து பல வகைகளைச் சேர்த்தே மது வடிப்பது இவ்வூர் வழக்கம்.

உணவுக்கும் மதுவுக்கும் அவர்கள் பொருத்தம் பார்ப்பது நம் வீட்டில் தயிர் சாதத்துக்கு மாவடு தேடுவதைப் போன்றதுதான். கொழுப்புக்குத் துவர்ப்பு, கடல் உப்புக்குப் புளிப்பு, உப்பேறிய பாலாடைக்கட்டிக்கு இனிப்பு என்பது அவர்கள் சூத்திரம். காஸ்டெல்நோதாரி என்ற ஊரில் வெள்ளை அவரை விதையை வாத்திறைச்சி, பன்றியிறைச்சியோடு மண் சட்டியிலிட்டு மணிக்கணக்கில் வேக வைத்து 'காஸுலே' என்ற பண்டம் செய்கிறார்கள். அதற்குத் துணை கோர்பியேர் அல்லது மினெர்வுவா மலைகளின் துவர்ப்பான செம்மது. 'தோ' என்ற உப்பங்கழியில் சிப்பி வளர்க்கிறார்கள். கழியின் கரையிலேயே பிக்பூல் என்ற வெள்ளைத் திராட்சையும் வளர்கிறது. 'உதட்டைக் குத்துவது' என்று அதன் பெயருக்குப் பொருள் சொல்வார்கள். சிப்பிக்கு அந்தப் புளிப்பு மதுவைத் தவிர வேறொன்றை அவர்கள் வைப்பதில்லை. செம்மறியாட்டுப் பாலில் செய்யும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு, கடலோர ஊரான ஃபிரான்டிஞானின் தேன் போன்ற மஸ்கட் மது. ஒரே காற்றும் ஒரே வெயிலும் வளர்த்த பொருள்கள் ஒரே மேஜையில் கூடுகின்றன என்பதே இதில் உள்ள ரகசியம்.

இப்படியெல்லாம் இருந்தும், நூறு வருஷ காலம் லாங்தோக் என்ற பெயர் மட்டமான மதுவுக்கே அடையாளமாக இருந்தது. ஏன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ரயில் வந்தது. வடக்கே தொழிற்சாலைகளில் உழைத்த லட்சக் கணக்கான தொழிலாளிகளுக்கு மலிவான மது தேவைப்பட்டது. மலைச் சரிவை விட்டுச் சமவெளியில் இறங்கினார்கள் குடியானவர்கள். அராமோன் என்ற கொடியை நட்டார்கள். மிகுதியாகக் காய்ப்பது ஒன்றுதான் அதன் பெருமை. பிறகு ஒரு பேரிடி விழுந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பிலாக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி வேரைத் தின்றது. தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போயின. 1868-ல் மான்பெலியே நகரத்துப் பேராசிரியர் பிளான்ஷோன் அந்தப் பூச்சியைக் கண்டுபிடித்தார். அமெரிக்கக் கொடியின் வேர் அந்தப் பூச்சியைத் தாங்கும் என்று தெரிந்ததும், அந்த வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டிப் பிழைத்தார்கள். ஆனால் கடன் வாங்கி மறுபடியும் நட்டவர்கள் பெரும்பாலும் சமவெளியிலேயே நட்டார்கள்.

விளைச்சல் பெருகியது. அல்ஜீரியாவிலிருந்தும் மது வந்து குவிந்தது. இவற்றோடு மூன்றாவதாக மோசடியும் சேர்ந்தது. பிழிந்த சக்கையில் தண்ணீரையும் சர்க்கரையையும் கலந்து புளிக்க வைத்து, அதையும் மது என்று விற்றார்கள். 1903-ல் சர்க்கார் சர்க்கரை வரியைக் குறைத்தபோது வட பிரான்ஸின் பீட்ரூட் முதலாளிகள் மகிழ்ந்தார்கள். தெற்கே குடியானவர்களின் வயிறு எரிந்தது. பீப்பாய் பீப்பாயாக மது கேட்பாரற்றுக் கிடந்தது. மாரோஸ்ஸான் என்ற கிராமத்தார் மாத்திரம் 1901-லேயே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் சரக்கை இடைத்தரகர் இல்லாமல் பாரிஸ் தொழிலாளர்களுக்கு நேரே அனுப்பினார்கள்.

1907 மார்ச் 11-ந் தேதி ஆர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 பேர் நார்போனுக்கு நடந்தார்கள். பார்லிமெண்டு விசாரணைக் குழுவிடம் முறையிடுவது அவர்கள் நோக்கம். தலைவர் மார்ஸலின் அல்பேர், காபிக் கடையும் சிறு தோட்டமும் வைத்திருந்தவர். அவர்களைப் பைத்தியக்காரர்கள் என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் ஞாயிறுதோறும் ஒரு நகரத்தில் கூட்டம் கூடியது. ஒவ்வொரு வாரமும் கூட்டம் பெருகியது. நார்போன், பெசியே, பெர்ப்பிஞான், கார்க்கசோன், நீம் என்று வளர்ந்து, ஜூன் 9-ந் தேதி மான்பெலியேயில் 5 லட்சம் பேருக்கு மேல் திரண்டதாகக் கணக்கிட்டார்கள். அவர்கள் கேட்டது தானம் அல்ல. திராட்சையிலிருந்து வடித்ததை மாத்திரமே மது என்று விற்க வேண்டும்; பொய்ச் சரக்கை ஒழிக்க வேண்டும்; இவ்வளவுதான். சர்க்கார் செவி சாய்க்கவில்லை. உடனே வரி கொடா இயக்கம் தொடங்கியது. நார்போன் மேயர் ஃபெரூல் முதலாக நூற்றுக் கணக்கான மேயர்கள் ராஜினாமாச் செய்தார்கள். அதே வருஷத்தில்தான் டிரான்ஸ்வாலில் காந்தியடிகள் தலைமையில் இந்தியர்கள் கறுப்புச் சட்டத்துக்குப் பணிய மறுத்தார்கள் என்பதை இங்கே நினைவு கூரலாம்.

பிரதம மந்திரி கிளெமான்ஸோ பட்டாளத்தை அனுப்பினார். ஃபெரூல் கைதானார். ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 6 பேர் மாண்டார்கள். அவர்களில் ஒருத்தி 20 வயதுப் பெண். இந்தச் செய்தி, அக்த் என்ற ஊரில் முகாமிட்டிருந்த 17-வது காலாட்படையை எட்டியது. அதிலிருந்த சிப்பாய்கள் பலர் பெசியே சுற்றுப்புறத்துக் குடியானவர்களின் பிள்ளைகள். சுமார் 500 பேர் கட்டளையை மீறி, துப்பாக்கிகளோடு இரவெல்லாம் நடந்து பெசியே வந்து சேர்ந்தார்கள். ஊரார் அவர்களுக்கு உணவளித்து உபசரித்தார்கள். ஒரு குண்டும் சுடாமலே மறுநாள் அவர்கள் பணிந்தார்கள். டுனீஷியாவின் பாலைவனத்து ஓரமான கப்ஸாவுக்கு அவர்களை அனுப்பினார்கள். 1930 ஏப்ரல் 23-ல் பெஷாவர் நகரத்தில், நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று நின்ற சந்திர சிங் கட்வாலியையும் அவர் தோழர்களையும் அறிந்த நமக்கு, இந்தப் பதினேழாம் படையின் மனநிலையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கட்வாலி வீரர்களுக்கோ நீண்ட சிறைவாசம் கிடைத்தது.

அல்பேர் பாரிஸுக்குச் சென்று கிளெமான்ஸோவை நேரில் கண்டார். பிரதம மந்திரி இனிமையாகப் பேசி, ரயில் செலவுக்கென்று 100 பிராங்க் நோட்டு ஒன்றையும் கொடுத்தார். வெள்ளை மனத்தவரான அல்பேர் அதை வாங்கிக்கொண்டார். மறுகணமே அந்தச் செய்தி பத்திரிகைக்காரர்களின் காதில் விழுந்தது. எந்த ஜனங்கள் அவரை மீட்பர் என்று கொண்டாடினார்களோ அவர்களே அவரைத் துரோகி என்றார்கள். 1921-ல் அவர் வறுமையில் இறந்தார். தலைவனைச் சிறையில் அடைப்பதைவிட அவன் சட்டைப் பையில் ஒரு நோட்டை வைப்பது அதிகாரத்துக்கு எவ்வளவு சுலபம்!

ஆயினும் போராட்டம் வீண் போகவில்லை. ஜூன் 29-ல் மோசடிக்கு எதிரான சட்டம் நிறைவேறியது. ஒவ்வொருவரும் தம் விளைச்சலைக் கணக்குக் காட்ட வேண்டியதாயிற்று; மதுவில் சேர்க்கும் சர்க்கரைக்குத் தனி வரி ஏற்பட்டது. ஆனால் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், மோசடியைவிட மிகை விளைச்சலே வீழ்ச்சிக்குப் பெரிய காரணம் என்று காட்டியிருக்கிறார்கள். இது கசப்பான உண்மை. கலப்படக்காரன் மீது குற்றம் சாட்டியது நியாயம்தான். கல் நிலத்தைக் கைவிட்டுச் சமவெளிக்கு ஓடிய குற்றமோ குடியானவர்களுடையது. அதை உணர அவர்களுக்கு இன்னும் பல வருஷங்கள் பிடித்தன. மலை ஊர்களுக்குத் திரும்பினார்கள். 1982-ல் போழேரும் ஸேன்-ஷீனியானும், 1985-ல் கோர்பியேரும் மினெர்வுவாவும் தங்கள் செம்மதுவுக்குத் தங்கள் மண்ணின் பெயரையே சட்டப்படி பெற்றன.

ஆனால் துயரம் அத்தோடு தீரவில்லை. பிரான்ஸில் மது அருந்துவோர் குறைந்து வருகிறார்கள். நமது கொள்கைப்படி இது நல்ல செய்தியே. எனினும் ஒரு தோட்டத்தை அழிப்பவன் மனம் எப்படியிருக்கும் என்பதை நாம் எண்ணாமல் இருக்க முடியவில்லை. சில பத்து வருஷங்களில் இந்தப் பிரதேசத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் கொடிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். 2024-ல் ஹெக்டேருக்கு 4,000 யூரோ கொடுத்துப் பிடுங்கச் சொல்லும் திட்டம் ஒன்று வந்தது. வெயிலும் முன்போல் இல்லை. 2019 ஜூன் 28-ல் இங்குள்ள வெரார்க் என்ற ஊரில் 46 டிகிரி வெப்பம் அடித்தது. பச்சைக் கொடிகள் நெருப்புப் பட்டவை போல் கருகின.

2025 ஆகஸ்டு 5-ல் கோர்பியேர் மலைகளில் தீப் பிடித்தது. சுமார் 16,000 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 40,000 ஏக்கர், எரிந்தது. ஓர் உயிரும் பலியாயிற்று. திராட்சைத் தோட்டம் இருந்த இடங்களில் தீ தயங்கியது. கொடியைப் பிடுங்கிப் புதர் மண்டவிட்ட இடங்களில் தாவி ஓடியது என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். உழுது களையெடுத்த தோட்டம் ஒரு சுவர் போல் ஊரைக் காத்து வந்தது என்பது, சுவர் போன பிறகே பலருக்குத் தெரிந்தது.

அந்தக் கொடியில் விளையும் பொருள் நமக்கு வேண்டாம். அந்த நிலத்துக்குக் கொடியோ, ஒலிவ மரமோ, வாதுமையோ, ஏதோ ஒன்றும், அதைப் பேணும் மனிதனும் வேண்டும். நிலம் கொடுக்காததை நிலத்தின் பெயரால் விற்றால் குடியானவன் அழிகிறான். குடியானவன் நிலத்தை விட்டுப் போனாலோ ஊரே எரிகிறது. லாங்தோக்கின் கல் சொல்லும் பாடம் இதுவே. இதைக் கற்றுக்கொள்ள யாரும் கோப்பையைக் கையில் எடுக்க வேண்டிய அவசியம் இல்லை.